நூலளவு

கத்திப்பாரா இறக்கத்தில்தான் கத்த ஆரம்பித்தது.
பின்சீட்டுக்காரர் ஃபோனைக் காதிலிருந்து எடுத்து
"என்னங்க அது?" என்றார்.
ஏசி என்றேன். நிறுத்தினேன்.
கத்தல் நிற்கவில்லை.
குளிர்காற்று வரும் ஓட்டை வழியே
ரப்பர் கருகும் வாசனை வந்தது.

புதுப்பேட்டை. கூவத்தை ஒட்டிய சந்து.
பானெட்டுக்குள் பாதி உடம்பாய் தணிகாசலம்:
"கம்ப்ரஸர் ஜாம். புதுசு இருபத்திரெண்டு.
கழட்டினது ஒம்போது.
கழட்டினதுக்கு நான் பொறுப்பில்ல, டெய்சிராணி."
என்னிடம் இருந்தது மூவாயிரத்து நானூறு,
வெள்ளிக்கிழமைத் தவணை ஒன்று.

"அத விட்டுட்டுச் சுத்த வெக்கலாமா?"
"வெக்கலாம். பெல்ட்டுதான் கண்டுபுடிக்கணும்."

பழைய பெல்ட்டின் முதுகில் எண் அழிந்திருந்தது.
அழியாவிட்டாலும் உதவாது,
அது கம்ப்ரஸரையும் சேர்த்துக் கட்டிய நீளம்.

சீட் கவர் தைக்கிற கடையில்
நாலு முழம் நைலான் நூல் கேட்டேன்.
காசு வேண்டாம் என்றான், என்னத்துக்கு என்றும் கேட்டான்.
என்ஜினுக்கு அளவெடுக்க என்றதும்
மிஷினை நிறுத்திவிட்டுக் கூடவே வந்தான்.

கிராங்க் புல்லியில் தொடங்கி
டென்ஷனரின் வயிற்றை உரசி
ஆல்டர்னேட்டரைச் சுற்றி வந்து
தண்ணீர் பம்பைத் தொடும்போது
"நில்லு" என்றார் தணிகாசலம்.
ஒவ்வொரு சக்கரத்திலும் சாக்பீஸால் ஓர் அம்பு.
முன்பு எந்தப் பக்கம் சுற்றியதோ
இப்போதும் அந்தப் பக்கமே சுற்றவேண்டும்.
பம்பு எதிர்ப்பக்கம் சுற்றினாலும்
வண்டி கிளம்பும், ஒன்றும் தெரியாது,
கோயம்பேடு போவதற்குள் கொதிக்கும்.

இரண்டு முறை அவிழ்த்தோம்.
மூன்றாம் முறை அம்புகள் ஒத்துக்கொண்டன.
முனை சேரும் இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி.
டேப்பில் நீட்டினால்
ஆயிரத்து நானூற்று எண்பத்து மூன்று.

மொய்தீன் கடை ஆணிகளில்
கறுப்பு வளையங்கள் கூரைவரை.
"ஆறு பள்ளம்தான? எழுபத்தஞ்சு இருக்கு,
தொண்ணூத்தஞ்சு இருக்கு, நடுவுல இல்ல.
மாட்டிட்டா ரிட்டர்ன் கெடையாது."

எட்டு மில்லிமீட்டர் குறைவு.
அல்லது பன்னிரண்டு அதிகம்.
நான் எதையும் மில்லிமீட்டரில் யோசித்தவள் இல்லை.
வாடகை, வட்டி, பையனின் உயரம்
எல்லாம் ஏறக்குறைய.
நீளமானது மழையில் வழுக்கும்.
குட்டையானது மாட்டவே மாட்டாமல் போகலாம்,
மாட்டினாலும் பேரிங்கைத் தின்னலாம்.
சீட் கவர்க்காரன் சொன்னான்:
"துணின்னா லூஸா இருக்கறதே நல்லதுக்கா."
தணிகாசலத்துக்கு ஃபோன். எடுக்கவில்லை.

அறுநூற்று நாற்பது ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு
கண்ணை மூடி நூலை மறுபடி சுற்றினேன்.
கிராங்க். டென்ஷனர்.
நூல் சுற்றும்போது டென்ஷனரின் கை எங்கே இருந்தது?
யாரும் அழுத்தவில்லை.
ஸ்ப்ரிங் தள்ளிய மட்டும் தள்ளி
கடைசிவரை நீட்டிக்கொண்டிருந்தது.
அப்படியானால் எண்பத்து மூன்று என்பது
அந்தக் கை எட்டக்கூடிய எல்லை.
பெல்ட் அதற்குள் நின்றால்தான்
கை இழுத்துப் பிடிக்கும்.

"எழுபத்தஞ்ச எடுங்க பாய்."

மாட்டும்போது ஸ்பானரில் தொங்கினார் தணிகாசலம்.
ஒரு கெட்ட வார்த்தை, ஒரு 'டக்'.
டென்ஷனரின் முள் இரண்டு கோடுகளுக்கு நடுவே நின்றது.
அவர் என்னைப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை, கூலியில் ஐம்பது குறைத்தார்.

கம்ப்ரஸர் அங்கேயேதான் இருக்கிறது,
ஒயர் பிடுங்கப்பட்டு, தொடாமல் ஓடும் பெல்ட்டுக்கு ஓரமாக.
மே மாதம் முழுக்க ராத்திரி சவாரி மட்டும்.
எழும்பூரில் ஏறியவர் கண்ணாடியை இறக்கி
சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிக்கொண்டார்.
நூல் டேஷ்போர்டுக்குள் சுருண்டிருக்கிறது, புள்ளியோடு.

சிந்தாதிரிப்பேட்டைப் பாலம் ஏறும்போது
பழக்கத்தில் விரல் ஏசி பொத்தானை அழுத்திவிட்டது.
பச்சை விளக்கு எரிந்தது.
அதற்கு யாரும் சொல்லவில்லை போலும்.